அம்மன் வண்டிக்கு அவர் மாட்டிய விளக்கு

போன மாதம் ஒரு நாள் காலை. வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். பார்சல் கொண்டுவருபவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒரு பெட்டியை நீட்டினார். பெட்டியின் மேல் என் வீட்டுக்காரர் பெயர். உள்ளே கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல... சாமி காரியம்."

நம் வீட்டு ஆண்கள் ‘ஒண்ணுமில்ல’ என்று சொன்னாலே அதில் என்னமோ இருக்கிறது. அதோடு சாமியையும் சேர்த்துக்கொண்டால்? நீ வாயைத் திறக்காதே என்று அர்த்தம்!

பெட்டியைப் பிரித்தார். பிளாஸ்டிக் நாடா போலச் சுருள் சுருளாக விளக்குகள். சதுரமாக நான்கு விளக்குகள் தனியாக. வயர், ஆணி, ஒட்டுவதற்கு டேப். ஒரு சின்ன ரிமோட் வேறு.

"எல்இடி. பிக்கப்புக்கு மாட்டப் போறேன்" என்றார். குழந்தைக்கு வளையல் வாங்கி வந்தவர் முகத்தில் இருக்குமே ஒரு சிரிப்பு... அந்தச் சிரிப்பு.

அந்தப் பிக்கப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டித்தான் எங்கள் குடும்பத்தைக் கரையேற்றினார். லோரியை விட்டு இறங்கிய பிறகு, தோட்டங்களில் புல் வெட்டும் வேலையைச் சின்னக் காண்டிராக்ட்டாக எடுத்துச் செய்கிறார். மிஷினும் உர மூட்டையும் ஏற்ற ஒரு பிக்கப் வாங்கினார். புத்தம் புதுசு. சாவி போட வேண்டாம். பட்டனை அமுக்கினால் போதும். பெல்ட் போடாவிட்டால் கத்தும். கதவு சரியாகச் சாத்தாவிட்டால் கத்தும். ரோட்டுக் கோட்டைத் தாண்டினால் கத்தும்.

"கத்துறதுக்குத்தான் வீட்டுல நான் இருக்கேனே. அதுக்கு எதுக்குங்க இவ்வளவு டுயிட்டு, இவ்வளவு காசு?" என்று அப்போதே கேட்டேன்.

சரி, பிக்கப்புக்கு இப்போது எதற்கு விளக்கு? அதற்கு நீங்கள் எங்கள் தாமானுக்கு, அதாவது எங்கள் குடியிருப்புக்கு, வர வேண்டும்.

பெஸ்தாரி ஜெயா பக்கம், தோட்டத்து லயங்களை விட்டு வந்தவர்களுக்காகக் கட்டிய வீடுகள் எங்களுடையவை. ஐந்து வரிசை. அம்மன் கோயில் மட்டும் தோட்டத்து ஓரத்திலேயே இருக்கிறது. வருடா வருடம் திருவிழாவின்போது அம்மன் அங்கிருந்து ஊர்வலமாக எங்கள் தாமானுக்கு வருவாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு போவாள்.

ஒவ்வொரு வீடு என்றா சொன்னேன்? இல்லை. இரண்டு வருடமாக ஐந்தாவது வரிசைக்கு அவள் வரவில்லை.

ஐந்தாவது வரிசைதான் கடைசி. அதற்குப் பின்னால் செம்பனை. அங்கே தெருவிளக்கு எரிவதில்லை. அம்மனுக்கு வெளிச்சம் கொடுக்கும் ஜெனரேட்டரோ நாலாவது வரிசை வந்ததும் இருமும், தும்மும், நின்றுவிடும். போலீஸ் பெர்மிட் பத்து மணி வரைக்கும்தான். கோயில் தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பார். "இருட்டுல அம்மன கொண்டு போக முடியாதுப்பா, திருப்பு" என்பார். அம்மனை ஏற்றிய டிராக்டர் திரும்பிவிடும்.

அந்தக் கடைசி வரிசையின் கடைசி வீட்டில்தான் ராஜம்மா அக்கா இருக்கிறார்.

அம்மன் கழுத்துக்குப் பூ கட்டுபவர் அவர். இன்று நேற்றல்ல, நான் கல்யாணமாகி இந்தப் பக்கம் வருவதற்கு முன்பிருந்தே. சர்க்கரை நோய் அவருடைய ஒரு காலை எடுத்துக்கொண்டது. இப்போது சக்கர நாற்காலி. இரண்டு வருடமும் புதுச் சேலை கட்டி, தட்டை மடியில் வைத்து, வாசலில் காத்திருந்தார். மேளச் சத்தம் நாலாவது வரிசை வரை வந்தது... அப்படியே திரும்பிப் போனது. தட்டில் இருந்த வாழைப்பழத்தை மறுநாள் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

காரில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"நல்லா இருக்கே நியாயம்! ஊரு வாசலுக்கெல்லாம் போறா. என் வாசலுக்கு வர மட்டும் அவளுக்கு நோவுதாக்கும்? நான் வரமாட்டேன் தனம். அவ வரட்டும். நான் எங்க ஓடிடப் போறேன், இந்த ஒத்தக் கால வச்சிக்கிட்டு?"

அக்கா பேச்சு அப்படித்தான். அம்மனையே ‘அவ, இவ’ என்பார். இத்தனை வருடம் பூக் கட்டிக் கட்டியே வந்த உரிமை அது. நமக்கு வருமா?

இந்த வருடம் ஊர்வலத்துக்குத் தோட்டத்து டிராக்டர் கிடைக்கவில்லை. கோயில் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "ஆறுமுகம், அம்மன உன் பிக்கப்புலதான் ஏத்தணும்" என்றார். அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

செய்தி ஐந்தாவது வரிசைக்குப் போகாமல் இருக்குமா? மறுநாள் நாங்கள் அந்தப் பக்கம் போனபோது ராஜம்மா அக்கா கூப்பிட்டு நிறுத்தினார்.

"தம்பி, கம்ப்யூட்டர் வச்ச வண்டியாமே? அதுக்காச்சும் அஞ்சாவது வரிசைக்கு வழி தெரியுமா? இல்ல, அதுவும் நாலோட திரும்பிக்குமா?"

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. "அக்கா, ஜெனரேட்டர் நிக்கிறதாலதான இருட்டு? வண்டி பேட்டரியிலயே லைட்டு போடுறேன். ஜெனரேட்டரே வேணாம். அம்மன் உங்க வாசல்ல ஜெகஜோதியா வந்து நிப்பா. இது அந்த ஆத்தா மேல சத்தியம்!"

சாமி மேல் சத்தியம் செய்கிற விஷயமா இது? வழியெல்லாம் வாய்க்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அதற்குத்தான் அந்தப் பெட்டி. அதற்குத்தான் எல்இடி.

முதலில் நிறம் பற்றி ஒரு சண்டை நடந்தது. ரிமோட்டை அமுக்கினால் சிவப்பு, பச்சை, நீலம், ஊதா என்று மாறுமாம். ஒரு பட்டனை அமுக்கினால் எல்லாம் சேர்ந்து ஆட்டம் போடுமாம். இவருக்கு அந்த ஆட்டத்தின் மேல் ஒரு கண். "அம்மனுக்கு மஞ்சள்தாங்க. அவ என்ன கல்யாண மண்டபத்து மேடையா?" என்று ரிமோட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்து எங்கள் மகன் குமரன். ஷா ஆலாமில் வேலை. விஷயம் தெரிந்ததும் போன் போட்டான்.

"அப்பா, அது பழைய லோரி இல்ல லா. வயர் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போகுது. நீங்க பாட்டுக்கு வெட்டி ஒட்டினா வாரண்டி போயிடும். ஈஜோக்குல கடை இருக்கு. தனி சுவிட்ச், தனி வயர் வச்சு செஞ்சு குடுப்பாங்க. அங்க விடுங்க."

"டேய், நான் லோரிக்கு வயர் இழுத்தப்போ உங்கம்மாவுக்குக் கல்யாணமே ஆகல!"

"யாரோட ஆகல?" என்றேன் நான்.

போனில் குமரன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை.

இந்தக் காலத்து வண்டிக்கு எல்லாம் தெரிகிறது. பெல்ட் போட்டோமா, கதவு சாத்தினோமா, கண் சொக்குகிறதா — எல்லாம். ஓட்டுகிறவர் யார் சொன்னாலும் கேட்க மாட்டார் என்பதை மட்டும் எந்தக் கம்ப்யூட்டராவது கண்டுபிடித்திருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை வேலை தொடங்கியது. சாமி கும்பிட்டு, பெட்டிக்குப் பொட்டு வைத்து, விளக்கு நாடாவைப் பிக்கப்பின் பின்பெட்டியைச் சுற்றி ஒட்டினார். நான்கு மூலைக்கு நான்கு சதுர விளக்கு. அதுவரை அழகாகத்தான் இருந்தது.

பிறகு பின்பக்க விளக்கைக் கழற்றினார். உள்ளே வயர்கள். லோரியில் வயர் என்றால் கனமாக, கையில் பிடிக்கிற மாதிரி இருக்கும். இது இடியப்பம் போலக் கொத்தாக வந்தது. அவர் ஒரு நிமிடம் அதையே பார்த்தார். குமரன் சொன்னது ஞாபகம் வந்திருக்கும். ஆனால் நான் பக்கத்திலேயே நிற்கிறேனே... எப்படிப் பின்வாங்குவது?

"தனம், ஏறி வண்டிய ஸ்டார்ட் பண்ணு. எந்த வயர்ல கரண்ட் வருதுன்னு டெஸ்ட் பேனா வச்சுப் பாக்குறேன்."

அந்த வண்டியில் ஏறுவது யானை மேல் ஏறுவது மாதிரி. சேலையைச் சொருகிக்கொண்டு ஒருவழியாக ஏறி உட்கார்ந்தேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் ஸ்டார்ட் செய்யத் தெரியும். குமரன் சொல்லிக் கொடுத்திருக்கிறான் — பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் பட்டனை அமுக்க வேண்டும், மிதிக்காமல் அமுக்கினால் ஸ்டார்ட் ஆகாது என்று. மிதித்தேன். அமுக்கினேன். வண்டி உறுமியது.

"அப்படியே இரு! அசையாத!" பின்னாலிருந்து இவர் குரல்.

கணவர் சொல் தட்டாதவள் நான். அசையவில்லை. மிதித்த காலையும் எடுக்கவில்லை. எடுத்தால் வண்டி என்னைத் தூக்கிக்கொண்டு செம்பனைக்குள் ஓடிவிடாதா? கண்ணை மூடி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே, இரண்டு காலாலும் பிரேக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இதுல வரல... இதுல வரல... ஆ! இதுல வருது!"

ஒட்டினார். முறுக்கினார். டேப் சுற்றினார்.

"எரியுது தனம்! எரியுது!"

கண்ணாடியில் பார்த்தேன். பின்பெட்டி முழுக்க மஞ்சள் வெளிச்சம், அரைத்த மஞ்சளைக் கரைத்து ஊற்றிய மாதிரி. எனக்கே கண் கலங்கிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, கை நேர்த்தி உள்ளவர்தான்.

வண்டியை நிறுத்தி இறங்கினேன். விளக்கு அணைந்துவிட்டது.

"அணைஞ்சிடுச்சுங்க!"

"அணையத்தான் செய்யும். ஆளு இறங்கினா தானா ஆஃப் ஆயிடும். எல்லாம் கம்ப்யூட்டர்."

"முன்னால மீட்டர்ல ஏதோ புதுசா ஒரு மார்க் எரிஞ்சுதே?"

"நாம லைட்டு மாட்டினது அதுக்குத் தெரிஞ்சிருச்சு. நன்றி சொல்லுது."

நானும் நம்பினேன். வண்டியே நன்றி சொல்கிறது, நான் யார் சந்தேகப்பட?

குமரனாக இருந்தால் பத்துத் தரம் எரித்து அணைத்துப் பார்த்திருப்பான். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கற்பூரம் காட்டி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டோம். "இனிமே அம்மன் ஏறின பிறகுதான் எரியணும். அவளுக்கு முன்ன நாம எரிச்சுப் பாக்கிறது மரியாதை இல்ல" என்றார் இவர். "ஆமாங்க" என்றேன் நான், மனதாரத்தான். மரியாதை என்று பெயர் வைத்து எத்தனை விஷயத்தை நாம் இப்படி மூடி வைத்துவிடுகிறோம், இல்லையா?

திருவிழா நாள் வந்தது.

சாயங்காலம் பிக்கப்பைக் கழுவி, வாழை கட்டி, மாவிலைத் தோரணம் கட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பின்பெட்டியில் உயரமாகப் பீடம் போட்டு அம்மனை ஏற்றினார்கள். ராஜம்மா அக்கா கட்டிக் கொடுத்தனுப்பிய மல்லிகை மாலைதான் கழுத்தில். இவர் வேட்டி கட்டி, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு டிரைவர் சீட்டில் ஏறினார். தீபாராதனை ஆனது. எங்கள் கோயிலில் ஒரு முறை உண்டு. அம்மன் வண்டியேறி தீபாராதனை ஆகிவிட்டால், திரும்பி வந்து இறங்கும் வரை பூசாரியைத் தவிர யாரும் அந்தப் பெட்டியில் கை வைக்கக்கூடாது.

இவர் பட்டனை அமுக்கினார். மஞ்சள் வெளிச்சம் பொங்கியது. "ஓம் சக்தி!" என்று கூட்டம் குரல் கொடுத்தது. நான் தலைக்கு மேல் கை குவித்தேன். வண்டி மெல்ல நகர்ந்தது...

விளக்கு அணைந்தது.

"ஓ" என்று ஒரு சத்தம். இவர் பிரேக்கை மிதித்தார். எரிந்தது. விட்டார். அணைந்தது. மிதித்தார். எரிந்தது.

கூட்டத்தில் யாரோ, "அண்ணே, ஆத்தா கண்ணடிக்கிறா!" என்றார்கள். சிரிப்பு. நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தலைவர் வேகமாக வந்து ஜன்னலில் கை வைத்தார். "என்ன ஆறுமுகம், சாமி ஊர்வலமா, டிஸ்கோவா?"

இவர் தன் காலைப் பார்த்தார். பிறகு ஜன்னல் ஓரம் நின்றிருந்த என்னைப் பார்த்தார்.

"தனம்... அன்னைக்கு ஸ்டார்ட் பண்ணிட்டு கால எங்க வச்சிருந்த?"

"பிரேக்குலதான்."

"கடைசி வரைக்குமா?"

"நீங்கதான அசையாதன்னீங்க!"

அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. நான் மிதித்துக்கொண்டிருந்ததால் பிரேக் விளக்குக்குப் போகிற வயரில்தான் கரண்ட் வந்திருக்கிறது. அதில்தான் இவர் அம்மனுடைய விளக்கைச் சேர்த்திருக்கிறார். வண்டி நின்றால் அம்மனுக்கு வெளிச்சம். ஓடினால் இருட்டு!

மாற்றிக் கட்டலாம் என்றால் வயர் இருப்பது அம்மன் ஏறிய அந்தப் பெட்டியில்தான். கை வைக்க முடியாது. ஜெனரேட்டரை ஏற்றலாம் என்றால், இவர் பேச்சை நம்பி அதைப் பழுது பார்க்காமலே விட்டுவிட்டார்கள்.

தலைவர் பெருமூச்சு விட்டார். "சரி விடு. தெருவிளக்கு இருக்கிற வரைக்கும் போவோம். நாலாவது வரிசையோட திருப்பிக்கலாம்."

இவர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். கிண்டல் செய்ய எனக்கு நாக்கு வரவில்லை. ஆத்தா மேல் சத்தியம் செய்தவர் அல்லவா.

"தலைவரே, நான் மிதிச்சுக்கிட்டே வர்றேன்."

"எத?"

"பிரேக்க. இது ஆட்டோ கியர். எண்ணெய் பெடல மிதிக்காமலே ஊர்ந்து போகும். லேசா பிரேக்க மிதிச்சாலும் நகரும், லைட்டும் எரியும்."

தலைவர் சந்தேகமாகப் பார்த்தார். நானும்தான். ஜெராம் ரோட்டில் இந்த மனிதரோடு போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். பிரேக் என்று ஒன்று இருப்பதே அவருக்குச் சிவப்பு விளக்கைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

ஆனால் அன்று ஊர்ந்தார். மிதித்தும் மிதிக்காமலும், பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது மாதிரி. விளக்கு அணையவே இல்லை.

அதில் ஒரு நன்மையும் நடந்தது. எப்போதும் டிராக்டருக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடும் பெண்கள் எல்லாம் இந்தத் தடவை நிதானமாக நடந்தார்கள். உறுமி மேளக்காரர்கள் ஆற அமர வாசித்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் அம்மன் நிற்கும்போது, அவள் முகத்தில் இருந்த மூக்குத்தி வரை தெரிந்தது. நான் ஜன்னல் ஓரமாகவே நடந்து, இவர் நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொடுத்தேன்.

"கால் வலிக்குதாங்க?"

"பேசாத. பேசினா கால் விட்டுடும்."

நன்மை இருந்தால் தொல்லையும் உண்டே. ஊர்ந்து போனதில் நேரம் போய்விட்டது. நாலாவது வரிசையின் முனைக்கு வந்தபோது தலைவர் கடிகாரத்தைக் காட்டினார்.

"போதும் ஆறுமுகம். திருப்பு."

வண்டி நின்றது. முன்னால் ஐந்தாவது வரிசை. கன்னங்கரேல் என்று இருட்டு. அந்த இருட்டின் கடைசியில் ராஜம்மா அக்கா உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மேளம் எந்தப் பக்கம் போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு.

இவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "எப்படித் திருப்புறது தலைவரே?"

"எப்படின்னா? டிராக்டர் திரும்பலையா?"

"அது டிராக்டர், நின்ன இடத்துல திரும்பும். இது நீளம். ரெண்டு பக்கமும் கார் நிக்குது. ரிவர்ஸ் எடுத்துத்தான் திருப்பணும்." கொஞ்சம் நிறுத்தி, மேலே பார்த்துக் கேட்டார். "பூசாரி, அம்மன பின்னால கொண்டு போகலாமா?"

பெட்டியில் நின்றிருந்த பூசாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கூடவே கூடாது! எடுத்த காலு முன்னாலதான் போகணும்!"

"கேட்டுக்கிட்டீங்களா தலைவரே? முன்னாலதான் போகணுமாம். அஞ்சாவது வரிசையச் சுத்தித்தான் கோயிலுக்கு வழி."

தலைவர் இவரைப் பார்த்தார். அம்மனைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பெண்கள் நாங்கள் எல்லாம் அம்மனை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சரி, போ. ஆனா சீக்கிரம் போ!"

"சீக்கிரம் போனா லைட்டு அணைஞ்சிடும் தலைவரே."

அம்மன் ஐந்தாவது வரிசைக்குள் நுழைந்தாள்.

அதை எப்படிச் சொல்வேன்? தெருவிளக்கு உள்ள இடங்களில் இவருடைய எல்இடி ஒரு அலங்காரம்தான். அந்த இருட்டுக்குள்தான் அது வெளிச்சம் ஆனது. வீட்டுச் சுவர்கள், வாசல் கேட், பின்னால் நின்ற செம்பனை மட்டைகள் எல்லாம் மஞ்சளாகிக்கொண்டே வந்தன. அந்த வரிசைக்காரர்கள் அம்மன் வருவாள் என்று நினைக்கவே இல்லை. தட்டுக் கூட எடுத்து வைக்கவில்லை. கைலியோடு ஓடி வந்தார்கள். ஒருவர் தேங்காய் தேடி உள்ளே ஓடினார். ஒரு அம்மா ஒற்றைக் கற்பூரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே நின்றார்.

கடைசி வாசலில் மட்டும் தட்டு தயாராக இருந்தது.

புதுச் சேலை. தலையில் பூ. சக்கர நாற்காலி கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே வந்திருந்தது. வண்டி நின்றதும் ராஜம்மா அக்கா அண்ணாந்து பார்த்தார். கும்பிடுவார் என்று நினைத்தேன்.

"ஏண்டி," என்றார் அம்மனைப் பார்த்து. "ரெண்டு வருசமா மேளத்த மட்டும் அனுப்பி வச்சுக்கிட்டு இருந்தியே... வெக்கமா இல்ல உனக்கு?"

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. தட்டை நான்தான் வாங்கிப் பூசாரியிடம் கொடுத்தேன்.

அர்ச்சனை முடிந்தது. தேங்காய் உடைத்தாயிற்று. விபூதி கொடுத்தாயிற்று. தலைவர் முன்னால் வந்து கையை அசைத்தார். "போலாம் போலாம், மணியாச்சு!"

வண்டி நகரவில்லை.

"ஆறுமுகம்!"

"ஐயோ தலைவரே... கால் புடிச்சுக்கிச்சு!"

"என்னப்பா சொல்ற?"

"நரம்பு இழுத்துக்கிச்சு. பிரேக்க விட்டு எடுக்க முடியல. ஆ... அம்மா..."

கூட்டத்துக்குள் பரபரப்பு. ஒருவர் தைலம் கொண்டு ஓடி வந்தார். இன்னொருவர், "கட்டை விரல இழுத்து விடுங்க" என்று கதவைத் திறக்கப் போனார். இவர் கதவை உள்ளிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வேணாம், வேணாம். தானா விட்டுடும். தொட்டா வண்டி ஓடிடும்!"

என்ன செய்ய முடியும்? எல்லோரும் நின்றோம். உறுமிக்காரர்கள் சும்மா நிற்க முடியாமல் இன்னொரு தாளம் எடுத்தார்கள். துணைக்கு வந்த மலாய் போலீஸ்காரர் தன் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அவரும் அம்மனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் வெளிச்சம் அசையாமல் எரிந்தது. ராஜம்மா அக்கா வாய்க்குள் என்னமோ பேசிக்கொண்டே இருந்தார், அம்மனோடு. இரண்டு வருடத்துப் பேச்சு பாக்கி இருக்குமே. திட்டினாரோ, கொஞ்சினாரோ, யாருக்குத் தெரியும்? கடைசியில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"போதும் தாயி. கோயிலுக்குப் போகணும்ல. போயிட்டு வா."

இவர் கால் சரியாகிவிட்டது. அந்த நிமிஷமே.

மறுநாள் குமரன் வந்தான். தலையில் அடித்துக்கொண்டான். ரோட்டில் இந்த மாதிரி எரிந்தால் பின்னால் வருகிறவனுக்குக் குழப்பம், உங்களுக்குச் சம்மன் என்று சொல்லி, வயரைப் பிரித்து எல்லாவற்றையும் கழற்றி வைத்தான். அடுத்த வருடம் ஈஜோக் கடையில் சுவிட்ச் வைத்து மாட்டுவதாக ஒப்பந்தம். தலைவரும், ஐந்தாவது வரிசையில் முதலில் தொடங்கினால் என்ன என்று இப்போது யோசிக்கிறாராம். யோசிக்கட்டும்.

ஆனால் அதெல்லாம் மறுநாள் கதை. அன்று அம்மனை இறக்கிவிட்டு வீடு வந்ததும், இவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு முனகினார்.

"தனம், கால் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. கொஞ்சம் தைலம் தேய்ச்சு விடேன்."

தைலத்தோடு போய்க் கீழே உட்கார்ந்தேன். காலை நீட்டினார்.

பிரேக்கை மிதிப்பது வலது கால். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுதான், இது தெரியும்.

அவர் நீட்டியது இடது கால்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீட்டிய காலுக்கே தேய்த்துவிட்டேன் — தைலம் தாராளமாகவே!